பச்சையாக மின்னுவதெல்லாம் நோயல்ல

போன மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் கையில் ரிப்போர்ட்டோடு வந்தார். இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் ஜுரம், உடம்பும் இளைத்திருந்தது. காகிதத்தில் ஒரே வரி: "பி-ஆன்கா பாசிட்டிவ்".

"சின்ன ரத்தக்குழாய்களை அழிக்கிற வாஸ்குலைடிஸ் நோயாமே சார், கிட்னியே போய்விடுமாமே" என்றார். ஸ்டீராய்டு தொடங்க நாள்கூடக் குறித்தாகிவிட்டது. "சளியைப் பார்த்தார்களா?" என்று கேட்டேன். இல்லையாம். பிறகு வேறொரு டாக்டர் பார்க்கச் சொன்னார். காசநோய்க் கிருமி இருந்தது. அதை விட்டுவிட்டு ஸ்டீராய்டை மட்டும் கொடுத்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

முப்பத்தோரு வருடம் லேபில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தப்பு அந்தச் சோதனையின் மேல் இல்லை. அதைக் கண்மூடித்தனமாக எழுதுகிறவர்கள், அரைகுறையாகச் செய்கிறவர்கள் மேல்தான்.

நம் வெள்ளையணுக்களையே எதிரியாக நினைத்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்தான் ஆன்கா. 1985இல் ஐரோப்பிய மருத்துவர்கள் அதற்கும் வாஸ்குலைடிஸ் வகை ஒன்றுக்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை.

எத்தனாலில் பதப்படுத்திய வெள்ளையணு ஸ்லைடில் நோயாளியின் சீரத்தை விட்டு, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். பச்சை ஒளி செல்லுக்குள் பரவி நின்றால் 'சி'. உட்கருவைச் சுற்றி நின்றால் 'பி'. இந்த 'பி'தான் வம்புக்காரன். லூபஸில் வருகிற ஏ.என்.ஏ.வும் அந்த ஸ்லைடில் அதே மாதிரி மின்னும். காசநோய், இதய வால்வில் தொற்று, சில தைராய்டு மாத்திரைகள் எல்லாமே ஆன்காவைக் கிளப்பிவிடலாம். வெளுத்ததெல்லாம் பாலா?

அதனால்தான் எந்தப் புரதத்துக்கு எதிரானது என்று பார்க்க வேண்டும்: பி.ஆர்.3-ஆ, எம்.பி.ஓ.-வா? தரமான முறையில் இவ்விரண்டையும் நேரடியாகப் பார்ப்பதையே முதல் சோதனையாக வைக்கலாம் என்று 2017இல் சர்வதேச நிபுணர்கள் கூடிச் சொல்லிவிட்டார்கள். இன்னமும் வெறும் 'பி' என்று அச்சடித்துக் காசு வாங்கும் லேபை என்னவென்று சொல்வது?

"எதற்கும் பார்த்து வைப்போமே" என்பார்கள். இது அரிய நோய். அறிகுறி இல்லாதவர்களுக்கெல்லாம் சோதித்தால், வருகிற பாசிட்டிவ்களில் பெரும்பாலானவை பொய்யாகத்தான் இருக்கும்.

அதேசமயம், மூக்கில் ஓயாத ரத்தப்பொருக்கு, இருமலில் ரத்தம், காலில் சிவப்புப் புள்ளிகள், சிறுநீரில் ரத்தமும் புரதமும் என்று வருகிறவருக்கு இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதும் குற்றம். சில வாரங்களிலேயே கிட்னி போய்விடலாம். அவருக்கு நெகட்டிவ் வந்தாலும் தப்பித்தார் என்று அர்த்தமில்லை. ஆன்கா இல்லாமலும் இந்த நோய் வரும். பல சமயம் பயாப்ஸிதான் வழக்கைத் தீர்க்கும்.

ஆகவே நண்பர்களே, மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ரிப்போர்ட்டைப் பார்த்து அழவும் வேண்டாம். டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "பி.ஆர்.3, எம்.பி.ஓ. பார்த்தாயிற்றா? சளியும் சிறுநீரும் பார்த்தாயிற்றா?" நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் தெருக்காரர் இப்போது காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார். ஜுரம் விட்டுவிட்டது.