நனோ செலுலோஸ்: எந்த வழியாகச் சோதித்தார்கள்?

குலை வெட்டிய வாழையை ஊரில் நாம் எருக்கிடங்கில்தான் போட்டோம். அந்த நாரிலிருந்து இன்று நனோ செலுலோஸ் எடுக்கிறார்கள். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசில் நாட்டவருடன் சேர்ந்து, அன்னாசி இலை நாரில் இதைச் செய்து 2010 இல் வெளியிட்டார்கள். காரத்தில் அவித்து, வெளிறச் செய்து, அழுத்தமான நீராவியில் வைத்து அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் நார் வெடித்துப் பிரியும். கிடைக்கும் இழை தலைமயிர்த் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கும் வராது. இங்கே றொட்டோருவாவின் சியோன் ஆய்வாளர்களும் கடற்பாசிக் கழிவிலிருந்து இதை எடுத்திருக்கிறார்கள்.

நல்ல முயற்சிதான். ஆனால் "இயற்கையானதுதானே டொக்டர்" என்று எம்மவர் சொல்லும்போது எமக்குக் கொஞ்சம் பயம். ஊரில் வீட்டுக்கு வீடு கூரையில் கிடந்த அஸ்பெஸ்டாஸ் சீற்றில் இருப்பதும் இயற்கைக் கனிமம்தான். அஸ்பெஸ்டாஸ் கலந்த பொருட்களின் இறக்குமதியை நியூசிலாந்து 2016 இல்தான் தடைசெய்தது. செலுலோஸ் அஸ்பெஸ்டாஸ் அல்ல. ஆனாலும் அதைக் கரைக்கும் நொதியம் எம் உடலில் இல்லை. நுரையீரலுக்குள் போனால் நெடுநாள் தங்கும். எலிகளின் நுரையீரலில் செலுத்திப் பார்த்த சில சோதனைகளில் அழற்சி கண்டார்கள். சில வேளை குற்றவாளி இழையே அல்ல, தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட பக்டீரியா நச்சு. அதையும் தனியாக அளக்காமல் எந்த முடிவும் சொல்லக்கூடாது. இத்தகைய உலர்ந்த தூளுடன் வேலை செய்யும் பிள்ளைகள் முகக்கவசத்தை அலட்சியம் செய்ய வேண்டாம்.

வாயால் உட்கொள்வது வேறு கதை. சாதாரண செலுலோஸ் தூள் நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல காலமாக உண்டு. உணவுப் பொதிகளில் 460 என்ற எண்ணுடன் வருவதும் அதுதான். அதை வைத்து நனோ அளவுக்கும் நற்சான்று கொடுக்க முடியாது. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், நனோ செலுலோஸ் குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைக் குறைத்தது. உடல் மெலிய இது உதவுமே என்று வியாபாரிகள் மகிழலாம். கொழுப்புடன் சேர்ந்து உறிஞ்சப்படுபவை விற்றமின் ஏ, டி, ஈ, கே. கறுத்த தோலுடன் ஒக்லாந்துக் குளிர்காலத்தைக் கழிக்கும் எமக்கு டி ஏற்கனவே தட்டுப்பாடு. வோர்பரின் எடுக்கும் பெரியவர்களுக்குக் கே கூடினாலும் குறைந்தாலும் சிக்கல்.

ஆகவே விற்பவர்கள் மூச்சு, வாய், தோல் என எந்த வழியாக, எத்தனை மாதம் சோதித்தார்கள் என்பதைச் சொல்லியே தீரவேண்டும் என்பது எமது கருத்து. மெலிவதற்கென்று நார்த்தூள் ஏதும் வாங்கியிருந்தால், அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.