யோனாவுக்குப் பயமில்லை

“யோனா ஏன் ஓடினார்?”

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் இளையோர் வகுப்பில் நான் கேட்ட கேள்வி இது. அன்றைக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்கள் பாதி. மற்றவர்களில் ஒருவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “பயம், அங்கிள்.”

இருபது வருடமாக நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தேன்.

இந்தப் பத்தியைப் படிக்கும் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்லர். அதனால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேதாகமத்தில் யோனா என்று ஒரு சிறிய புத்தகம். நாலே அதிகாரம், 48 வசனம். தேத்தண்ணி ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். நினிவே நகரத்துக்குப் போய் அங்கே நடக்கும் அக்கிரமத்தைக் கண்டித்துப் பேசு என்று கடவுள் யோனாவை அனுப்புகிறார். நினிவே இருப்பது கிழக்கே. யோனாவோ யோப்பா துறைமுகத்துக்குப் போய், மேற்கே தர்ஷீசுக்குப் போகும் கப்பலில் ஏறிவிடுகிறார். புயல் அடிக்கிறது. கடலில் தூக்கி எறியப்படுகிறார். பெரிய மீனின் வயிற்றில் மூன்று நாள், பிறகு கரை. இரண்டாம் தடவை சொன்னதும் போகிறார். எபிரெய மொழியில் ஐந்தே சொல்லில் ஒரு பிரசங்கம். ஊரே மனம் திருந்துகிறது, கடவுளும் தண்டனையைக் கைவிடுகிறார். பெரும்பாலான ஞாயிறு பள்ளிகளில் பாடம் இங்கே முடிந்துவிடும். மீன் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

ஆனால் நான்காம் அதிகாரம் ஒன்று இருக்கிறது. ஊர் பிழைத்துக்கொண்டதைப் பார்த்து யோனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. நீர் இரக்கமுள்ளவர், இவர்களை மன்னித்துவிடுவீர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடினேன் என்று கடவுளிடமே சண்டை பிடிக்கிறார். ஆக, அவர் ஓடியதற்குக் காரணம் பயம் இல்லை. புயல் அடிக்கும்போது, என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று மாலுமிகளிடம் சொன்ன மனிதருக்கு என்ன பயம் இருந்திருக்கப் போகிறது?

நினிவே அசீரியர்களின் நகரம். இன்றைய ஈராக்கின் மோசூல் நகரை ஒட்டி இருக்கிறது. யோனாவின் நாடான வட இஸ்ரேலை கி.மு. 722 வாக்கில் அழித்து, மக்களை நாடு கடத்தியவர்கள் இதே அசீரியர்கள்தான். பிள்ளைகளுக்கு அசீரியர் என்றால் என்ன புரியும்? நம் வீட்டுக் கதையைச் சொன்னேன். ஜப்பான்காரன் காலத்தில், சயாம் மரண ரயில் பாதை போட மலாயா தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்களே, அதில் என் தாத்தாவின் தம்பியும் ஒருவர். 415 கிலோமீட்டர் பாதை. போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே செத்தார்கள். சின்னத் தாத்தாவும் திரும்பவில்லை. “1946இல் கடவுள் என் தாத்தாவைக் கூப்பிட்டு, தோக்கியோவுக்குப் போ, அவர்கள் திருந்தினால் நான் மன்னிப்பேன் என்று போய்ச் சொல் என்றிருந்தால், தாத்தா எந்தக் கப்பலில் ஏறியிருப்பார்?” என்று கேட்டேன்.

கொட்டாவி விட்டவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இந்த யோனா கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானவர் அல்லர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என் பக்கத்து வீட்டு முஸ்லிம் நண்பருக்கு அவர் யூனுஸ் நபி. குர்ஆனில் ஓர் அத்தியாயத்துக்கே அந்தப் பெயர். மோசூலில் யூனுஸ் நபியின் அடக்கத்தலம் என்று காலங்காலமாகப் போற்றப்பட்ட பள்ளிவாசலை 2014 ஜூலையில் ஐ.எஸ். தீவிரவாதிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். யூதர்கள் தங்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் இந்தப் புத்தகத்தை முழுவதும் வாசிக்கிறார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் நினிவே மக்களை நினைத்து இன்றும் மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள். குறவிலங்காடு தேவாலயத்தில் அந்த நோன்பின்போது ஒரு மரக்கப்பலைத் தோளில் சுமந்து, அலையில் ஆடுவதுபோல் ஆட்டிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். ஓடிப்போனவரின் கப்பலுக்கு ஒரு திருவிழா! எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

சரி, நம் பிள்ளைகளின் கப்பல் எது?

கடவுள் இல்லை என்று வாதாடும் பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரு தவிர்ப்புதான் நடக்கிறது. பிடிக்காத சொந்தக்காரரின் அழைப்பு வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்போமே, அந்த மாதிரி. யோனாவும் கப்பலின் அடித்தட்டில் போய்த் தூங்கிவிட்டார். இன்னொரு விஷயம், அந்தப் பயணத்துக்கு அவர் கையிலிருந்து கூலி கொடுத்தார் என்று கதை குறிப்பிடுகிறது. ஓடுவதற்கும் செலவு உண்டு என்று நான் ஆரம்பித்தேன். ஒரு குறும்புக்காரன் குறுக்கிட்டான். “அங்கிள், நம்ம பழைய ஃபெரியா இருந்தா அவருக்குக் காசு மிச்சம்.” வாஸ்தவம்தான். பழைய ஃபெரியில் பட்டர்வொர்த் பக்கம் மட்டும்தான் காசு வாங்குவார்கள். தீவைவிட்டு ஓடுகிறவனுக்கு இலவசம்! வகுப்பே சிரித்தது. நான் சொல்ல வந்த அழகான கருத்து அதோடு கடலில் விழுந்தது.

பெற்றோர்கள் கவனிக்காத ஒரு கப்பலும் இருக்கிறது. அது ஆலயத்துக்கு உள்ளேயே நிற்கிறது. கீபோர்டு வாசிப்பான், ஒலிபெருக்கி வயர்களைச் சுருட்டி வைப்பான், முகாமுக்குப் பெயர் எழுதுவான், கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்கு வேன் ஏற்பாடு செய்வான். தம்பியோடு மட்டும் ஏழு மாதமாகப் பேசமாட்டான். அதைப் பற்றி எவரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு வேலை. “எவ்வளவு பக்தி” என்று நாம் மெச்சிக்கொள்கிறோம். நானே இப்படி ஓடியவன் என்பதால் இந்தக் கப்பல் எனக்கு நன்றாகத் தெரியும்.

சபைகளில் நாங்கள் செய்யும் தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கீழ்ப்படிதல் என்ற சொல்லை நாங்கள் சுலபமாக எடுத்து வீசுகிறோம். மகள் கணக்கியல் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதைக் கடவுளின் சித்தம் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அந்தப் பெண் அப்பாவைத் தவிர்க்க வேண்டுமானால் இப்போது கடவுளையும் சேர்த்துத் தவிர்க்க வேண்டும். பல பிள்ளைகள் கோயில் படி மிதிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் ஒருவன் என்னிடம் வந்தான். பத்தொன்பது வயது. அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார், வீட்டைவிட்டு வந்துவிட்டேன், நண்பன் அறையில் தங்கியிருக்கிறேன் என்றான். அந்த வாரம் வகுப்பில் யோனா பாடம். எனக்கு எல்லாம் பொருத்தமாகத் தெரிந்தது. “ஓடாதே தம்பி. தகப்பனை மதிக்கச் சொல்லி வேதம் சொல்லுது. வீட்டுக்குப் போ, அதுதான் கடவுளுக்குக் கீழ்ப்படியிறது” என்றேன். ஜெபமும் செய்து அனுப்பினேன். அவன் போனான். அந்த வாரமே அவன் கை முறிந்தது.

மூன்றாம் நபர் மூலமாகத்தான் எனக்குத் தெரியவந்தது. அதன்பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. முதலில் வேலை அதிகம் என்றிருந்தேன். பிறகு நாளாகிவிட்டது என்றிருந்தேன். ஒரு தடவை சௌராஸ்தா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன், எதிரே அவன். பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஞாயிறு பள்ளி ஆசிரியர், கையில் கெம்போங் மீனோடு.

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பாடத்துக்கு உள்ளூரில் ஒரு உதாரணம் தேடினேன். எங்கள் தீவில் ஜெனரல் காலேஜ் என்று கத்தோலிக்கக் குருமடம் ஒன்று இருக்கிறது. 1665இல் சயாமின் அயுத்தயாவில் தொடங்கி, பல இடம் மாறி, 1808இல் பினாங்குக்கு வந்தது. நெடுங்காலம் புலாவ் தீக்குஸில் இருந்தது, இப்போது தஞ்சோங் பூங்காவில். அங்கே பாடம் நடத்திய பிரெஞ்சுக் குருமார்கள் இருவர், லோரன் இம்பேர், ஜாக் ஷஸ்தான். இம்பேர் 1821இல் சில மாதம் இருந்தவர். ஷஸ்தான் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1833இல் கிளம்பினார். இருவரும் கடைசியில் போய்ச் சேர்ந்தது கொரியா. அந்தக் காலத்தில் அங்கே கிறிஸ்தவராக இருந்தாலே மரண தண்டனை. துக்க உடையில் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடினார்கள்.

1839இல் பெரிய வேட்டை தொடங்கியது. வெளிநாட்டுக் குருக்கள் எங்கே என்று கேட்டு ஏழை எளிய சனங்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். இம்பேர் அப்போது பிஷப். தன்னால் மற்றவர்கள் சாக வேண்டாம் என்று தாமே சரணடைந்தார். பிறகு, ஒளிந்திருந்த ஷஸ்தானுக்கும் மொபான் என்ற இன்னொரு குருவுக்கும், நீங்களும் வந்துவிடுங்கள் என்று ஓலை அனுப்பினார். அவர்களும் வந்தார்கள். செப்டம்பர் 21ஆம் தேதி மூவரையும் தலை வெட்டிக் கொன்றார்கள். ஷஸ்தானுக்கு அப்போது வயது 35. 1984இல் போப் இரண்டாம் ஜான் பால் சோல் நகரில் புனிதர்களாக அறிவித்த 103 பேரில் இவர்களும் அடக்கம்.

எங்கள் சபை கத்தோலிக்கச் சபை இல்லை. ஆனாலும் நம் தீவில் பாடம் சொன்ன வாத்தியார்கள் என்ற உரிமையில் இந்தக் கதையை எடுத்துக்கொண்டேன். சொல்லி முடித்ததும் கண்ணில் நீர் வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டாம் வரிசையில் ஒரு பெண், எப்போதும் நோட்டுப் புத்தகத்தில் ஏதாவது கிறுக்கிக்கொண்டே இருப்பவள், கையைத் தூக்கினாள்.

“அங்கிள், அந்த லெட்டர் எழுதுனது பிஷப்தானே, கடவுள் இல்லையே? வந்து செத்துப்போங்கன்னு ஒருத்தர் இன்னொருத்தருக்கு எப்படிச் சொல்லலாம்?”

நல்ல கேள்வி. அந்தக் கடிதம் சரியா என்று திருச்சபைக்காரர்களே விவாதிக்கலாம். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். “சொல்லலாமான்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா அவர் அதை எழுதும்போது சிறைக்குள்ள இருந்தார். முதல்ல அவர் போயிட்டார்.”

சொல்லி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்தப் பையனை அனுப்பினேனே, அவன் வீட்டு வாசல் வரைக்கும்கூட அவனோடு நான் போகவில்லை. போதகரிடம் சொல்லவில்லை. 15999 என்று ‘தாலியான் காசே’ உதவி எண் இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், அதைக்கூடச் சொல்லவில்லை. யோனாவின் காதில் நேராக விழுந்த கட்டளையை, அடிபட்டு வந்த ஒரு பிள்ளையின் தலையில் நானாக எடுத்து வைத்திருக்கிறேன். என் கையில் ஒரு கீறல் விழவில்லை.

பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, பெயர் சொல்லாமல், நடந்ததை அவர்களிடம் சொன்னேன். சந்துக்குள் திரும்பியதையும் சேர்த்துத்தான். யாரும் சிரிக்கவில்லை. ஃபெரி பகடி சொன்னவன்தான் கேட்டான்: “அவர்கிட்ட ஸாரி சொன்னீங்களா, அங்கிள்?”

“இன்னும் இல்லப்பா.”

“நம்பர் இருக்கா?”

நம்பர் ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. புதன்கிழமை ஒரு செய்தி அனுப்பினேன். நான்கு தடவை எழுதி அழித்து, கடைசியில் இரண்டே வரி. வெள்ளிக்கிழமை பதில் வந்தது, ஓர் இடமும் நேரமும் மட்டும். அவன் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் கடை. அரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் வந்தான். தாடி வைத்திருந்தான். உட்கார்ந்ததும், கேட்காமலேயே இடது கையை மேஜைமேல் நீட்டிக் காட்டினான். முழங்கை முழுசாக நீளவில்லை. நான் செய்தது தப்பு என்று சொன்னேன். கடவுள் பெயரைச் சொல்லி உன்னை அனுப்பினேன், அது கடவுள் சொன்னது இல்லை, நான் சொன்னது என்றேன். அவன் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தான். “தெரியும்” என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை.

அப்பா இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டாராம். அம்மா அவனோடு இருக்கிறார். இதை மட்டும் சொன்னான்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான். நான் பர்ஸை எடுப்பதற்குள் இரண்டு தேத்தண்ணிக்கும் அவனே காசு கொடுத்துவிட்டான். மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

“கிளாஸ் இன்னும் மேல் மாடியிலதான் நடக்குதா?”

“இல்லப்பா, கீழே மாத்திட்டோம். மேல ஏர்கான் ரிப்பேர்.”

தலையாட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.