தூண்டிலா, குறிப்பேடா?

ஓசூரிலிருந்து அஞ்செட்டி வழியாகக் காவிரிக் கரைக்குப் போய்வரலாம் என்றதும் மாணவன் ஒருவன், "சார், தூண்டில் எடுத்து வரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம்?

தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக ஓடும் காவிரியை ஒட்டிய நம் காடுகள், 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயின. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு. யானை, நீர்நாய், முதலை எல்லாம் வாழுமிடம்.

இந்த ஆற்றின் தனிச்செல்வம் கூன்முதுகு மஹசீர் என்னும் மீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. 50 கிலோகிராமுக்கு மேலும் வளரும். காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இது இல்லை. 2018-இல் இது அழிவின் விளிம்பிலுள்ள இனமென அறிவிக்கப்பட்டது.

இதன் பகைகளுள் ஒன்று வெடி. நீரை எளிதில் அமுக்க முடியாது. ஆகவே வெடியின் அழுத்த அலை அதில் நெடுந்தூரம் பாய்கிறது. மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையோ எளிதில் அமுங்கும். அலை தாக்கியதும் அது சுருங்கி, விரிந்து, கிழிகிறது. பெரிய மீனென்றும் குஞ்சென்றும் வெடி பார்ப்பதில்லை.

"தூண்டில்காரர்கள் கரையில் இருந்தால் வெடி வைப்பவர்கள் வரமாட்டார்களே, பிடித்த மீனையும் திரும்ப விட்டுவிடுகிறார்களே" என்று சிலர் வாதிடுவர். அதில் உண்மை உண்டு. கர்நாடகக் கரையில் கலிபோரே முகாமில் முன்பு அப்படித்தான் மீன் பிடித்தார்கள். பிடித்த மீனின் எடையைக் குறித்தும் வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அக்குறிப்புகளை ஆய்வாளர்கள் பின்னர் அலசினார்கள். கூன்முதுகு மஹசீர் வரவரக் குறைவாகவே சிக்கியது; ஆனால் சிக்கியவற்றின் எடை கூடிக்கொண்டே போனது. மகிழ்ச்சியான செய்தியா? அல்ல! கிழவர்கள் மட்டுமே மிஞ்சிய ஊரைப் போல, அங்கே குஞ்சுகள் பிறந்து வளரவில்லை என்பதே அதன் பொருள். ஆற்றில் விடப்பட்ட வேற்று மஹசீர் இனமோ பெருகியிருந்தது.

இந்த உண்மையை நமக்குச் சொன்னது தூண்டில் முள்ளா, குறிப்பேடா? குறிப்பேடுதான். கரைக்குக் கண்கள் தேவை, முள் தேவையில்லை. எஞ்சியுள்ள சில மீன்களில் ஒன்றுகூட நம் பொழுதுபோக்குக்காகத் துடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஆகவே மாணவர்களே, வனத்துறையின் அனுமதி பெற்று, ஆசிரியருடன் செல்லுங்கள். நாள், நேரம், நீர்மட்டம், கண்ட பறவை, துள்ளிய மீன் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் எழுதுங்கள். இரண்டையும் ஒப்பிடும்போது ஆறு உங்களிடம் பேசத் தொடங்கும்.