பாவம்னு விட்டுராதீங்க

போன வாரம் ராத்திரி பதினோரு மணி இருக்கும். மருமகனைச் சென்னை பஸ்ல ஏத்தி விட்டுட்டு பைக்ல ஊருக்குத் திரும்பிட்டு இருந்தேன். கேடிசி நகர்ல பைபாஸ் ஏறுற இடத்துல வண்டியெல்லாம் அப்படியே நிக்குது. ஏதோ ஆக்சிடென்ட்டுன்னு நெனச்சு எட்டிப் பார்த்தா, காத்தாடி றெக்கை! தூத்துக்குடி ரோட்டுல இருந்து வந்து தெக்க நாகர்கோவில் பக்கம் திரும்புது. முப்பந்தல் பக்கமோ, வள்ளியூர் ராதாபுரம் பக்கமோ போவுதா இருக்கும்.

நீங்க பார்த்திருக்கீங்களான்னு தெரியல. இப்ப வர்ற றெக்கை ஒவ்வொண்ணும் 60 மீட்டருக்கு மேல. எங்க வயல்ல ஒரு வரப்புல தலையை வச்சா வால் அடுத்தவன் வயல்ல கிடக்கும். முன்னால ஒரு பைலட் வண்டி, பின்னால ஒண்ணு. சுத்தி மினுக்கு லைட்டு, சிவப்புக் கொடி, ஒளிர்ற சட்டை போட்ட பையங்க விசில் ஊதுறாங்க. திருப்பத்துல இடிக்கிற போர்டைக்கூட முன்னாலயே கழட்டி வச்சிட்டாங்க. அரை மணி நேரம் எல்லாரும் நின்னோம். ஒருத்தரும் திட்டல. பாதிப் பேர் வீடியோ எடுத்தாங்க, நானும்தான்.

வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரல. இவ்வளவு பெரிய சாமானைக் கொண்டுபோறவன் ஒரு ஆளுக்குக் கீறல் படாம கொண்டுபோறான். நான் ஒரு டிரெய்லர் வைக்கோலை அஞ்சு கிலோமீட்டர் கொண்டுபோயி ஒரு பையன் காலை ஒடிச்சேன்.

இதை இதுவரைக்கும் இங்க எழுதினது இல்ல. மூணு வருஷம் ஆச்சு. பிசான அறுப்பு முடிஞ்சு வைக்கோல் ஏத்தின நாள். எங்க பக்கம் வைக்கோல் ஏத்துறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். டிரெய்லர் அளவுக்கு ஏத்தினா நடை கட்டாது. நாலு மூலைலயும் மூங்கில் கம்பை வெளியே சாய்ச்சு நட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அடி பிதுங்கி நிக்கிற மாதிரி ஏத்தி, மேல வடம் போட்டு இறுக்குவோம். தூரத்துல இருந்து பார்த்தா வைக்கப்போரே நடந்து வர்ற மாதிரி இருக்கும். பின்னால லைட்டு இருந்தாலும் வைக்கோல் மூடிரும். என் டிரெய்லர்ல லைட்டே இல்ல. வாங்கும்போது இருந்தது, ரெண்டாம் வருஷம் வயர் அறுந்தது, அதோட சரி. பதினோரு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

ராத்திரி ஏழரை மணிக்கு பக்கத்து ஊர்ப் பையன், கம்பெனி வேலை முடிஞ்சு பைக்ல வந்தவன், எதிர்ல வந்த பஸ் வெளிச்சத்துல கண்ணு கூசி, டிராக்டரைத் தாண்டலாம்னு ஒதுங்கினப்ப, பிதுங்கி நின்ன மூங்கில் கம்பு ஹேண்டில்ல மாட்டிருச்சு. தொடை எலும்பு முறிஞ்சது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். உயிருக்கு ஒண்ணும் இல்ல. கம்பி வச்சாங்க. ஆறு மாசம் வேலைக்குப் போகல.

ரெண்டு ஊர்ப் பெரியவங்களும் உக்காந்து பேசினாங்க. 'விவசாயி, பாவம். வேணும்னா செஞ்சாரு?' நான் ஆஸ்பத்திரிச் செலவைக் குடுத்தேன். கேஸ் இல்லாம முடிஞ்சது. அன்னைக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு, அதை மறைக்கல. அப்புறம்தான் ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார்: கேஸ் பதிவு ஆகாததால அந்தப் பையனுக்கு விபத்து நஷ்டஈட்டுக் கோர்ட்டுல போயி நிக்க வழி இல்லாமப் போச்சு. விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு இப்போ சட்டம். அது கடந்திருச்சு. அப்படியே போனாலும், என் டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்தது, டிரெய்லருக்கு இல்ல.

பையனோட அம்மா ஒரு தடவை சந்தையில பார்த்துட்டு என்கிட்ட சொன்னது இதுதான்: "காசு குடுத்துட்டீங்க அண்ணாச்சி, நான் ஒண்ணும் சொல்லல. ஒரு சிவப்பு லைட்டு போட்டிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்?"

முந்நூறு ரூபாய் ஆயிருக்கும். இப்ப போட்டிருக்கேன்ல, அதனால தெரியும்.

இதுக்கு அப்புறம்தான் விதி என்ன சொல்லுதுன்னு விசாரிக்க ஆரம்பிச்சேன். பத்தாவதோட நிறுத்தினவன் நான். மகள் செல்போன்ல எடுத்துக் குடுத்ததைப் படிச்சும், தெரிஞ்ச ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர்கிட்ட கேட்டும் புரிஞ்சுக்கிட்டது. 1989-ல வந்த மத்திய மோட்டார் வாகன விதி, 93-ஆம் நம்பர். சாதாரண வண்டி எதுவும் 2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது, அதாவது எட்டரை அடி. சரக்கு பக்கவாட்டுல பாடியை விட்டு வெளியே வரக் கூடாது. முன்னாலயும் பின்னாலயும் நீட்டக் கூடாது. கொஞ்சம் முன்னாடி வரைக்கும் கம்பி, கழி ஏத்தினா பின்னால ஒரு மீட்டர் நீட்டிக்கலாம்னு ஒரு சலுகை இருந்தது. லாரிக்குப் பின்னால நீட்டின இரும்புக் கம்பில குத்திச் செத்தவங்க கணக்கு ஏறிக்கிட்டே போக, அது சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் வழக்காப் போயி, 2014-ல அந்தச் சலுகையை எடுத்துட்டாங்க. 2019-ல சட்டத்தைத் திருத்தினப்ப, சரக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா அபராதம் 20,000 ரூபாய், இறக்குற கூலியும் நம்ம தலையில, சரியா அடுக்காம வண்டி நகரக் கூடாதுன்னு 194-ஆம் பிரிவுல சேர்த்துட்டாங்க. டிரெய்லரா இருந்தாலும் பின்னால ரெண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். சக்கரம்னா காத்தடைச்ச டயர்தான். தொளி உழவுக்கு மாட்டுற இரும்புக் கேஜ் வீலோட தார் ரோட்டுல ஏறினா அதுவும் தப்பு. எங்க ஊர் ரோட்டைப் போயிப் பாருங்க, உழவு சீசன் முடிஞ்சா கோழி கிளறின மாதிரி இருக்கும். பஞ்சாயத்துல ரோடு போடலன்னு மனு குடுக்கிறவனும் கேஜ் வீலைக் கழட்டாம வர்றவனும் ஒரே ஆளு.

வைக்கோல் ஒண்ணுக்கு 20,000 ரூபாயான்னு என் வீட்டுக்காரி கேட்டா. நாலு லோடு வைக்கோல் வித்தாலும் அவ்வளவு கையில நிக்காது. ஆனா அந்தப் பிரிவைக் கடைசி வரி வரைக்கும் படிச்சா அங்க ஒரு கதவு இருக்கு: அதிகாரம் உள்ளவங்க குறிப்பிட்ட சரக்குக்குன்னு விலக்கு குடுத்திருந்தா இந்த அபராதம் இல்ல. காத்தாடி றெக்கை அந்தக் கதவு வழியாத்தான் போவுது. எந்த ரோடு, எந்தப் பாலம், எத்தனை டன்னு, எத்தனை அச்சுன்னு முன்கூட்டி எழுதிக் குடுத்து, கட்டணம் கட்டி, அனுமதி வாங்கிட்டு வர்றான். வாங்கணும்தான். இதே தூத்துக்குடி ரோட்டுல வல்லநாட்டுல தாமிரபரணிப் பாலத்துல எத்தனை தடவை ஓட்டை விழுந்து, ஒரு பக்கத்தை மூடிட்டு ஒட்டுப் போட்டாங்கன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். எடையும் அளவும் கணக்குப் பார்க்காம எதையும் விட முடியாது.

எங்களுக்கு அந்தக் கதவு எங்க இருக்குன்னே தெரியாது. இருக்கவும் முடியாத மாதிரிதான் எங்க வேலை.

அறுப்பு மிஷினை எடுத்துக்கோங்க. பிசானம் அறுப்புக்கு மாசி மாசம் ஆத்தூர், சேலம் பக்கத்துல இருந்து மிஷின் வருது. செயின் மிஷின்னா லாரில ஏத்திக் கொண்டுவந்து இறக்குவாங்க, பிரச்சினை கம்மி. டயர் மிஷின் தானா ஓடி வரும். அதோட முன்கத்தி 14 அடி. எட்டரை அடி எங்க, 14 அடி எங்க. தூரமா போறப்ப கத்தியைக் கழட்டி ஒரு தள்ளுவண்டில வச்சுப் பின்னால இழுத்துட்டுத்தான் போவாங்க, அதான் முறை. ஆனா ஒரு வயல்ல இருந்து அடுத்த வயலுக்கு?

எங்க ஊர் நஞ்சை பாளையங்கால் பாசனம். நாற்கரச் சாலை வந்தப்ப வயக்காடு ரெண்டாப் பிரிஞ்சது. எனக்கு மேற்கால ஒண்ணரை ஏக்கர், கிழக்கால முக்கா ஏக்கர். நின்னு கூப்பிட்டா கேக்கிற தூரம். மிஷின் அங்கிருந்து இங்க வர, மேம்பாலத்துக்கு அடியில திரும்பிச் சுத்தி வரணும். நடுவுல இருக்கிற சின்னச் சுரங்கப்பாதையில மிஷின் நுழையாது. சர்வீஸ் ரோடு பாதில போயி மெயின் ரோட்டுல முட்டி நிக்குது. அப்புறம் ஒரு ஃபர்லாங் போயி மறுபடி ஆரம்பிக்குது.

போன பிசானத்துல அம்பை 16 போட்டிருந்தேன். கதிர் முத்திச் சாய்ஞ்சு கிடக்கு, கிழக்க மேகம் கருக்குது. மிஷின் ஓட்டுற பையன்கிட்ட, "தம்பி, கத்தியைக் கழட்டிட்டு ரோட்டுல ஏறுப்பா"ன்னேன். "கழட்டி மாட்ட முக்கா மணி நேரம் ஆகுமுங்கண்ணா. அந்த நேரத்துக்கும் நீங்க வாடகை குடுப்பீங்களா?"ன்னான். மணிக்கணக்குதானே வாடகை. நான் பேசாம நின்னேன். அவன் 14 அடிக் கத்தியோட தப்பான சைடுல அந்த ஒரு ஃபர்லாங்கை ஓட்டினான். நான் முன்னால பைக்ல சிவப்புத் துண்டை வீசிட்டுப் போனேன். எதிர்ல வந்த கார்க்காரங்க ஹாரன் அடிச்சுத் திட்டினாங்க. திட்டினது தப்பில்ல. ஒரு பையன் காலை ஒடிச்ச பிறகும் அப்படித்தான் செஞ்சேன்னா, எனக்கு முன்னால இருந்த வழி அவ்வளவுதான்.

டோல்கேட் விதின்னு ஒண்ணு இருக்கு, 2008-ல வந்தது. அதுல டிராக்டருக்கும் மாட்டு வண்டிக்கும் கட்டணம் கிடையாது. அதைப் பார்த்து நகரத்துல சிலர் பொறாமைப்படுறது எனக்குத் தெரியும். அதே விதில அடுத்த வரியையும் படிங்க: சர்வீஸ் ரோடோ மாற்று ரோடோ இருக்கிற இடத்துல டிராக்டர், அறுப்பு மிஷின், மாட்டு வண்டி எதுவும் மெயின் ரோட்டுல வரக் கூடாது. நியாயம்தான். நூறுல வர்ற காரும் இருபதுல போற டிராக்டரும் ஒரே பாதைல போனா யாருக்கு நல்லது? பெங்களூரு மைசூர் விரைவுச்சாலையில 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து டிராக்டரை மெயின் பாதையில விடுறதே இல்ல. பைக், ஆட்டோவோட சேர்த்துத் தடை. அந்தப் பட்டியல்ல நிறைய அச்சு வச்ச ஹைட்ராலிக் டிரெய்லரும் இருக்கு, கனத்த சாமான் தூக்குற வண்டி. அந்த ரோட்டைப் பொறுத்தவரைக்கும் அவனும் நானும் ஒண்ணு. படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு.

நான் கேக்கிறது, சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்துலன்னு எழுதினவங்க அந்த சர்வீஸ் ரோட்டை முழுசா போடணும்கிறதுதான். பாதில அறுந்து நிக்கிற ரோட்டை வச்சுக்கிட்டு 'இருக்கு'ன்னு கணக்குக் காட்டக் கூடாது. சுரங்கப்பாதை கட்டும்போது கார் உயரத்தை மட்டும் அளந்தா பத்தாது, அறுப்பு மிஷினையும் அளக்கணும். றெக்கைக்குக் குடுக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு அனுமதி வேணும். ஆனா அதுக்கு டெல்லி வரைக்கும் கம்ப்யூட்டர்ல மனு போடச் சொன்னா நடக்காது. மேகம் மனு போட்டுட்டா வருது? மாசி, பங்குனி ரெண்டு மாசம், இந்தத் தாலுகாவுக்குள்ள, பகல்ல மட்டும், முன்னால ஒரு ஆள் கொடி பிடிக்கணும், இன்ன தூரத்துக்கு மேல போனா கத்தியைக் கழட்டியே ஆகணும்னு ஆர்டிஓ ஆபீஸ்ல மிஷினுக்கு ஒரு சீட்டு குடுக்கட்டும். சீட்டு இல்லாதவனுக்கு அபராதம் போடட்டும்.

இப்ப நடக்கிறது என்னன்னா, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்துவார், டிராக்டரைப் பார்ப்பார், அழுக்கு வேட்டியைப் பார்ப்பார், 'போய்யா, பார்த்துப் போ'ன்னு விட்டுருவார். பத்துல ஒருத்தர் புஸ்தகத்தைத் திறந்து மொத்த அபராதத்தையும் சொல்லுவார். அப்ப கூட்டமாப் போயி விவசாயியை வதைக்கிறாங்கன்னு கத்துவோம். நானும் ஒருதடவை அந்தக் கூட்டத்துல நின்னேன். 'விவசாயி பாவம்'ங்கிற பேச்சுலதான் என் டிரெய்லர் பதினோரு வருஷம் லைட்டு இல்லாம ஓடுச்சு. முதல் வருஷமே யாராவது ஒருத்தர் நிறுத்தி, 'லைட்டு மாட்டிட்டு எடு'ன்னு சொல்லியிருந்தா அன்னைக்கு அவரைத் திட்டியிருப்பேன். அந்தப் பையன் நேரா நடந்துட்டு இருப்பான்.

ஒரு நல்ல விஷயமும் சொல்லணும். ரெண்டு வருஷமா எங்க பக்கம் வைக்கோல் கட்டுற மிஷின் நிறைய வருது. உருளை உருளையாக் கட்டிப் போட்டுரும். பாடிக்குள்ள அடுக்கிடலாம், பிதுங்காது, மேல ஈபி கம்பில உரசித் தீப்பிடிக்கிற பயமும் குறைவு. கட்டுக்கூலி போனா மிச்சம் கம்மிதான். ஆனாலும் நான் அதுக்கு மாறிட்டேன். மூங்கில் கம்பை மாட்டுத் தொழுவத்துக்குப் போட்டாச்சு.

காருல வர்ற உங்ககிட்ட ஒண்ணு. மாசி, பங்குனில மதுரை தாண்டி தெக்க வந்தீங்கன்னா, இருட்டினப்புறம் இடது ஓரத்துல வைக்கோல் நகர்ற மாதிரி தெரிஞ்சா வேகத்தைக் குறைங்க. பின்னால சிவப்பா மின்னுச்சுன்னா தாண்டிப் போங்க. மின்னலைன்னா, கொஞ்சம் முன்னால போயி பத்திரமா நிறுத்தி, அந்த டிரைவர்கிட்ட கேளுங்க. கோவப்படுவான், பரவாயில்ல.

இந்த வெள்ளிக்கிழமை எங்க ஊர்ல இருக்கிற பத்தொன்பது டிரெய்லருக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுறதுன்னு பேசி வச்சிருக்கோம். ரோல் வாங்கிட்டேன். அந்தப் பையனும் வர்றேன்னு சொல்லியிருக்கான். இன்னும் லேசா சாய்ஞ்சுதான் நடக்கிறான்.