பூங்கா காவலும் பண்பாட்டுக் காவலும்

ஹைதராபாத் இந்திரா பூங்காவில் 2021 ஆகஸ்டில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டது. திருமணமாகாத ஜோடிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றது அது. எதிர்ப்புக் கிளம்பியதும் மாநகராட்சி அதிகாரிகள் வருத்தம் தெரிவித்து, பலகையை அகற்றினர். பலகை போனதோடு பிரச்னையும் போய்விடவில்லை. எந்தச் சட்டமும் அளிக்காத அதிகாரத்தை ஒரு பூங்கா நிர்வாகம் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி, நாட்டின் எல்லா மாநகராட்சிகளுக்கும் பொருந்தும்.

பூங்காக்களில் சமூக விரோதச் செயல்கள் நடப்பதை மறுப்பதற்கில்லை. இருட்டியபின் மது அருந்துவோர், சூதாடுவோர், போதைப்பொருள் விற்போர் புகலிடம் தேடுவது அங்கேதான். நடைப்பயிற்சிக்கு வரும் முதியோர் நகைப் பறிப்புக்கு அஞ்சுகின்றனர். பெண்கள் சீண்டலுக்கு ஆளாகின்றனர். நடவடிக்கை தேவை என்று குடியிருப்போர் நலச் சங்கங்கள் கோருவது நியாயமே.

ஆனால், நடவடிக்கை என்று வரும்போது சிக்குவது யார்? 2005 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரப் பூங்காவில் 'ஆபரேஷன் மஜ்னு' என்ற பெயரில் போலீஸார் புகுந்தனர். அமர்ந்திருந்த இளம் பெண்களும் ஆண்களும் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னிலையில் தாக்கப்பட்டனர். நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. போலீஸ் அதிகாரிகள் சிலர் தாற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பாடம் கற்கப்பட்டதாகத் தெரியவில்லை. 2017 மார்ச்சில் அதே மாநிலத்தில் 'ஆன்ட்டி ரோமியோ' படைகள் களமிறக்கப்பட்டன. பெண்களைச் சீண்டுவோரைப் பிடிப்பதே நோக்கம் என்றது அரசு. சேர்ந்து நின்ற ஆணும் பெண்ணும் விசாரணைக்கும் அவமானத்துக்கும் ஆளாவதாகப் புகார்கள் எழுந்தன.

அரசியல் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 74-வது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 12-வது அட்டவணை, நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் ஆகிய வசதிகளைச் செய்து தருவது அவற்றுள் ஒன்று. வருவோரின் உறவுமுறையை விசாரிப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நீதிமன்றங்களின் நிலையும் இதுவே. இளம் தம்பதி அன்பை வெளிப்படுத்துவது ஆபாசக் குற்றமாகாது என்று 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் கருதியது. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அந்தரங்க உரிமையை இழந்துவிடுவதில்லை என்று, உச்ச நீதிமன்றத்தின் 2017-ஆம் ஆண்டு அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் சுட்டிக்காட்டப்பட்டது. இரவில் ஒரு ஜோடியை மறித்து மிரட்டிக் கைக்கடிகாரத்தைப் பெற்றுக்கொண்ட மத்திய தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் தொடர்பான வழக்கில், ஒழுக்கக் காவல் போலீஸாரின் வேலை அல்ல என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இடித்துரைத்தது. வரம்பற்ற அதிகாரம் மிரட்டலுக்கும் வசூலுக்கும் வழிவகுக்கும் என்பதற்கு அந்த வழக்கே சான்று.

கெடுபிடியால் பூங்காவை இழப்பவர்கள் வசதி படைத்தோர் அல்லர். ஓர் அறை வீட்டில் குடும்பமே நெருக்கியடித்து வாழும்போது, தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் களைப்பாற வரும் கூலித் தொழிலாளிக்கும் காசின்றி அமரக் கிடைக்கும் இடம் அது. கேள்வி கேட்கப்படுவோம் என்ற அச்சம் வந்தால் முதலில் விலகிக்கொள்பவர்கள் பெண்களே. மக்கள் விலகிய பூங்கா, யாரை அகற்ற நினைத்தார்களோ அவர்கள் கைக்கே போய்ச் சேரும்.

செய்ய வேண்டியவை எளிமையானவை: எரியும் விளக்குகள், கழிப்பறை, வெட்டிச் சீராக்கப்பட்ட புதர்கள், பயிற்சி பெற்ற காவலாளி, புகார் செய்யத் தொலைபேசி எண். விதிகள் தடை செய்ய வேண்டியது செயலைத்தான், ஆள்களை அல்ல. மது அருந்தக் கூடாது, பெண்களைச் சீண்டக் கூடாது என எழுதலாம். திருமணமாகாதோர் வரக் கூடாது என எழுத முடியாது. எந்த விதியும் மாமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றப்பட வேண்டும். அதிகாரியின் விருப்பத்தில் ஒரே இரவில் முளைக்கக் கூடாது.

2025 மார்ச்சில் 'ஷிஷ்டாச்சார்' படைகளை அறிவித்த தில்லி காவல்துறை, தனிப்பட்ட அல்லது பண்பாட்டு ஒழுக்கத்தை யார் மீதும் திணிக்காமல் சட்டத்தை மட்டுமே அமல்படுத்த வேண்டும் என்று தன் சுற்றறிக்கையில் குறிப்பிட்டது. வரவேற்கத்தக்க வாசகம். அது பூங்கா வாசலில் நிற்கும் கடைசிக் காவலர் வரை சென்று சேர்ந்தால்தான் பயன் உண்டு.