இலேசான வேலை எங்கே இருக்கிறது?

தொழிலாளத் தோழர்களே!

முதுகெலும்பு தேய்ந்து, பெரட்டுக்குப் போகமுடியாமல் படுத்திருக்கும் என் மனைவிக்கு, "இலேசான வேலை செய்யலாம், இயலாமைப் பென்ஷன் கிடையாது" என்று கடிதம் வந்தது. அருமையான தீர்ப்பு! இருட்டில் குன்றேறி மரம் சீவி, பால் வாளி சுமந்தவளுக்குத் தோட்டத்தில் இலேசான வேலை எது? காட்டட்டும்!

1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கேள்வி இதுதான்: நல்ல உடலுள்ள தொழிலாளியின் சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இவளால் சம்பாதிக்க முடியுமா?

மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு. கிராணியாகிய நானே தலைவிதி என்றெண்ணி, கடிதத்தைப் பெட்டியில் பூட்டி 40 நாளை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்! ஆஸ்பத்திரிச் சீட்டும் சம்பளச் சீட்டும் எடுத்துக்கொண்டு அன்றே சங்கத்துக்கு வாருங்கள்.

நாம் கேட்பது பிச்சையல்ல. மாதந்தோறும் நம் சம்பளத்தில் பிடித்த சந்தாவின் உரிமை!