பரணில் தூங்கும் லேப்டாப்... எழுப்பிவிட்டு ரசிக்கும் லினக்ஸ் பிரியர்கள்!

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவச பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்ட நாள். 'விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே' என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணினிகள் இந்தப் பரீட்சையில் தேறாது. நேற்றுவரை நன்றாக ஓடிய லேப்டாப், திடீரென்று 'பழசு' ஆகிவிட்டது.

அப்படிப்பட்ட லேப்டாப்கள் பல வீடுகளில் பரணுக்குப் போய்விடுகின்றன. ஆனால், அதைக் கீழே இறக்கி, தூசி தட்டி, லினக்ஸ் போட்டு ஓடவிட்டு ரசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இது அவர்களுடைய வேலை இல்லை, சம்பளமும் கிடையாது. ஞாயிறு மதியத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அப்படி என்னதான் சுகம் அதில்?

பொழுதுபோக்கில் பிறந்தது!

லினக்ஸே ஒருவரின் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தன்னுடைய 386 கணினிக்காக எழுத ஆரம்பித்தது அது. 'சும்மா பொழுதுபோக்குக்குத்தான்' என்ற தொனியில்தான் அவரே உலகத்துக்கு அதை அறிவித்தார். இன்று நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸின் கருநிரல்தான் ஓடுகிறது.

இதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சாம்பார்ப் பொடியோடு, அதை அரைக்கும் பக்குவத்தையும் எழுதிக் கொடுப்பதுபோல. காரம் அதிகம் என்றால் குறைத்துக்கொள்ளலாம், நாம் மாற்றிய பக்குவத்தைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லலாம். ஓப்பன் சோர்ஸ் என்பது இதுதான்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்து வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. லேப்டாப்பைத் திறக்கும்போது திரையில் அந்தப் பெயரைப் பார்த்தும், ஒருமுறைகூட உள்ளே போகாதவர்கள் உண்டு!

வேகம் எங்கே போனது?

ராம் என்பது சமையல் மேடை. ஹார்டு டிஸ்க் என்பது ஸ்டோர் ரூம். மேடை சின்னதாக இருந்து சமையல் பெரிதானால், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஸ்டோர் ரூமுக்கு நடக்க வேண்டியிருக்கும். பழைய கணினி திணறுவதும் பெரும்பாலும் இப்படித்தான். மென்பொருள்கள் வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன, மேடை மட்டும் அதே 2 ஜி.பி. அளவில் நிற்கிறது.

லினக்ஸில் இதற்கு வழி உண்டு. எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.க்யூ.டி. போன்ற எளிமையான திரை அமைப்புகள் குறைந்த இடத்தையே எடுத்துக்கொள்ளும். 'லினக்ஸ் மின்ட்' குறைந்தபட்சம் கேட்பது 2 ஜி.பி. ராம்தான். 4 ஜி.பி. இருந்தால் நிம்மதியாக ஓடும். அதைவிடப் பழைய கணினிக்கு 'ஆன்டிஎக்ஸ்', 'பப்பி' என்று இன்னும் சின்ன லினக்ஸ்கள் இருக்கின்றன. பப்பி, மொத்தமாக ராமுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து ஓடக்கூடியது.

இதோடு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டினால், வித்தியாசம் முதல் முறை ஆன் செய்யும்போதே தெரியும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் பழைய ராமைத் தேடி அலைவதும் இந்த ஆர்வலர்களுக்கு ஒரு திருவிழாதான். இன்றைய மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்து விடுகிறார்கள். பழைய லேப்டாப்பில் ஓரிரு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும், ராம் கைக்கு வந்துவிடும்.

தினம் ஒரு சின்ன சந்தோஷம்

காலையில் காபியோடு உட்கார்ந்து, 'அப்டேட் வந்திருக்கிறதா' என்று பார்ப்பதில் தொடங்குகிறது அவர்களின் நாள். அப்டேட் இருக்கிறது என்று லினக்ஸ் சொல்லும். எப்போது போடுவது என்பதை அவர்களே முடிவுசெய்வார்கள். பாதி வேலையில் தானாக ரீஸ்டார்ட் ஆகி வெறுப்பேற்றாது.

பிறகு பழைய இளையராஜா பாடல்கள் நிறைந்த ஃபோல்டரை வி.எல்.சி.யில் ஓடவிடுவார்கள். அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், பாரிஸில் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலை. வீட்டுக் கணக்குக்கு லிப்ரே ஆபீஸ், போட்டோவைச் சரிசெய்ய கிம்ப், குட்டிப் பிள்ளைகள் வரைந்து பழக டக்ஸ் பெயின்ட். எதற்கும் காசு இல்லை, 'உங்கள் சந்தா முடிந்துவிட்டது' என்ற மிரட்டலும் இல்லை.

ஆனால் இலவசம் என்பதற்காக மட்டும் இவர்கள் இதில் உட்காருவதில்லை. வைஃபை வேலை செய்யவில்லையா? ஏன் என்று தேடி, ஒரு கட்டளையை அடித்து, அது சரியாகும் அந்த நொடிதான் பரிசு. தப்பாகப் போனாலும் பெரிய நஷ்டமில்லை, பழைய கணினிதானே? புது லேப்டாப்பில் கைவைக்கப் பயப்படுகிற பிள்ளைகள்கூட இதைத் தைரியமாகப் பிரித்துப் பார்க்கலாம். கணினி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது.

தமிழும் தடையில்லை

1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையும் உண்டு. மெனுக்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கும். அதை முடிக்க எந்த கம்பெனியின் தயவும் தேவையில்லை, விருப்பமுள்ள யாரும் மொழிபெயர்ப்புக் குழுவில் சேர்ந்து செய்யலாம். கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் தமிழிலேயே எழுதிவருகிறது 'கணியம்'. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்களும் இருக்கின்றன. சந்தேகம் கேட்டால் சலிக்காமல் சொல்லித்தருவார்கள்.

எங்கே இடறும்?

எல்லாம் இனிப்பு என்று சொல்லிவிட முடியாது. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. சில பிரின்டர்கள் முரண்டுபிடிக்கும். இன்றைய இணையதளங்களே கனமானவை என்பதால், பிரவுசரில் இருபது டேப் திறந்தால் எந்த லினக்ஸாலும் காப்பாற்ற முடியாது. மிகப் பழைய 32 பிட் கணினிகளை லினக்ஸ் உலகமும் மெல்லக் கைவிட்டு வருகிறது. 2025-ல் வந்த டெபியன் 13-ல், அத்தகைய கணினிகளில் புதிதாக நிறுவும் வசதி இல்லை. இருக்கும்வரை ஆன்டிஎக்ஸ் போன்றவைதான் துணை.

நீங்களும் முயலலாமா?

1. முதலில் பழைய லேப்டாப்பில் இருக்கும் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் அழிந்தால் திரும்ப வராது.

2. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றை எடுத்து, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை அதன் அதிகாரப்பூர்வ தளத்தில் இருந்து இறக்கி, ரூஃபஸ் போன்ற இலவச கருவியால் அதில் ஏற்றுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம்.

3. பென் டிரைவைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்9 போன்ற பட்டனை அழுத்தி, அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும்.

4. நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்டு, கேமரா வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

5. திருப்தியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள்.

கணினி எப்போது பழசாகிறது என்பதை இவ்வளவு நாள் கம்பெனிகள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த முடிவைத் தங்கள் கைக்குத் திருப்பிக்கொள்வதில்தான் லினக்ஸ் பிரியர்களுக்கு சந்தோஷம். ஒரே போனைப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்துப் படிக்கும் வீட்டில், கீபோர்டோடு ஒரு கணினி கூடுதலாகக் கிடைப்பது சின்ன விஷயமும் இல்லை.

இந்த ஞாயிறு பரணில் ஏறினால், லேப்டாப்போடு அதன் சார்ஜரையும் மறக்காமல் தேடி எடுங்கள்!